எல்லாம் முடியும், எதைச் செய்ய?

கேள்வி:

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு, எனக்கு வயது 28. குமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம் ஒரு கிராமம். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி, அம்மா அண்டி ஆபீசுக்கு (முந்திரி ஆலைக்கு) போகிறார். பள்ளியில் எப்போதும் நான்தான் முதல் மதிப்பெண். எம்.எஸ்சி. கணிதம் முடித்தேன். வங்கி எழுத்தர் தேர்வு எழுதினேன், கிடைத்தது. 11 மாதத்தில் விட்டுவிட்டேன். 2022 குரூப் 4 எழுதினேன், அதுவும் கிடைத்தது. இப்போது நம் மாவட்டத்திலேயே ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். குரூப் 1 முதல்நிலையில் தேறி முதன்மைத் தேர்வில் போய்விட்டது. இன்னொரு முறை எழுதினால் முடியும். இடையில் ஆன்லைனில் டேட்டா சயின்ஸ் படித்தேன், பெங்களூரில் ஒரு கம்பெனி கூப்பிடுகிறது. ஜெர்மன் மொழி படித்து வெளிநாடு போ என்கிறார் சித்தி. அதுவும் முடியும் என்றுதான் தோன்றுகிறது. வேலை முடிந்து வந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஒன்பது பேர் கணக்குப் படிக்க வருகிறார்கள், அது ஒரு பக்கம். எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் ராத்திரி தூக்கமே இல்லை. போன வாரம் அப்பா, "மக்களே, உனக்கு புத்தி உண்டு, வகதிரிவு இல்ல" என்று சொல்லிவிட்டார். அது முள்ளாகக் குத்துகிறது. புத்தி இருந்தால் வகதிரிவு தானாக வராதா? இரண்டும் வேறு வேறா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்பு மகளுக்கு,

நீ என்றே எழுதுகிறேன், என் மூத்தவளுக்கும் உன் வயதுதான்.

உன் கடிதம் நான்கு பக்கம். இடம் கருதி மேலே சுருக்கிப் போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தையும் கையில் பென்சிலோடு இரண்டு தடவை படித்தேன். 'முடியும்' என்ற சொல்லை 14 இடங்களில் எழுதியிருக்கிறாய். 'வேண்டும்' ஒரே ஓர் இடத்தில் வருகிறது: "ஒருநாளாவது நிம்மதியாகத் தூங்க வேண்டும்." அந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். மனசு கனத்துப்போயிற்று.

அப்பா சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வகதிரிவு என்பது கல்குளம், விளவங்கோடு பக்கம் வீட்டுக்கு வீடு புழங்குகிற சொல். மற்ற ஊர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கத் தெரிவது. இது இப்போதைக்கு, அது பிறகு. இது நமக்கு, அது நமக்கு வேண்டாம் என்று ஒதுக்கத் தெரிவது. விவேகம் என்று புத்தகத்தில் எழுதுகிறோமே, அதையே நம் பெரியவர்கள் கைப்பழக்கமாக வைத்திருக்கும் சொல் இது. உன்னை மட்டம் தட்டுவதற்காக அவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டும் வேறுதான். கையில் கொடுத்த கணக்கைப் புத்தி போட்டுவிடும். எந்தக் கணக்கைக் கையில் எடுப்பது என்று அதைக் கேட்டால் பதில் வராது. இதுவரை உனக்கு வினாத்தாளை வேறு யாரோதான் நீட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் நீட்டியது, வங்கி நீட்டியது, தேர்வாணையம் நீட்டியது. 2022 குரூப் 4 தேர்வில் 7,301 இடங்கள் என்று அறிவித்தபோது விண்ணப்பித்தவர்கள் கிட்டத்தட்ட 22 லட்சம் பேர். பிறகு இடங்கள் 10,117 ஆகக் கூடின. அத்தனை பேரில் ஒருத்தியாக நீ உள்ளே வந்திருக்கிறாய், சின்னக் காரியம் இல்லை. ஆனால் அந்தத் தாளில் இருந்த 200 கேள்விகளில் ஒன்றாவது, 'இந்த வேலை உனக்கு எதற்கு?' என்று கேட்டிருக்குமா? 28 வயதில் முதல்முறையாக வினாத்தாளே இல்லாத அறையில் உட்கார்ந்திருக்கிறாய். தூக்கம் வராமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

இனி அப்பாவின் தொழிலுக்கு வருகிறேன். என் மாமன் ஒருவர் அருமனைப் பக்கம் பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். பள்ளி விடுமுறையில் அவர் பின்னாலேயே நானும் போவேன். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால் வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டும், ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும். மரத்துக்கு மரம் ஒரே அசைவுதான். முந்தைய வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை விரலால் உரித்துக் கூடையில் போடுவார். கத்தியை வைத்து, பாதி மரத்தைச் சுற்றிச் சரிவாக ஒரு இழுப்பு. நூல் போலப் பட்டை சீவி விழும். வெள்ளைக் கோடு ஊறி, சிரட்டையில் சொட்டத் தொடங்கும்.

ஒருநாள் நான் கேட்டேன்: "இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டினா கூட வராதா மாமா?" வரும் என்றார். பால் குழல்கள் நெருக்கமாக இருப்பதே பட்டையின் உள்பக்கம், மரத்தை ஒட்டித்தான். ஆனால் அதற்கும் உள்ளே, புதுப் பட்டையைப் பிறப்பிக்கிற ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. கத்தி அதைத் தொட்டால் மரத்தில் காயம். ஆறும்போது அந்த இடம் முண்டும் முடிச்சுமாக எழும்பும். சில வருடம் கழித்துத் திரும்ப அந்தப் பக்கம் வெட்ட வரும்போது கத்தி ஓடாது. அதனால் தேர்ந்த கை, ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையை மிச்சம் விட்டே வெட்டும். ஒரு நாள் வெட்டினால் மறுநாள் அந்த மரத்தைச் சும்மா விடும். தினமும் வெட்டினால் முதலில் சந்தோஷமாகத்தான் இருக்கும், தகரம் நிறையும். பிறகு ஒருநாள் கோடு போட்டாலும் பால் ஊறாமல் பட்டை வறண்டு நிற்கும். நட்டு ஏழு வருடம் காத்திருந்து முதல் வெட்டுப் போட்ட மரம், இன்னும் 20, 25 வருடம் தர வேண்டிய மரம்.

கத்தியின் கூர்மையைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைத்துவிடாதே. மொட்டைக் கத்தியும் பட்டையைப் பிய்த்துக் காயம் பண்ணத்தான் செய்யும். கூர்மை வேண்டும், உன்னிடம் அது நிறைய இருக்கிறது. எங்கே நிறுத்துவது, எந்த நாள் வெட்டாமல் விடுவது என்பது அந்தக் கூர்மையிலிருந்து கிடைப்பதில்லை. உன் அப்பா எத்தனை வருடமாக வெட்டுகிறாரோ, அத்தனை வருடமாக ஒவ்வொரு விடியற்காலையும் முந்நூறு நானூறு மரத்தின் முன் நின்று இதைத்தான் முடிவு செய்கிறார். அந்த மனிதர் வகதிரிவு என்று சொன்னால், அதன் எடை தெரிந்துதான் சொல்லியிருப்பார்.

இது படித்தவர்களுக்குப் பொருந்துமா என்று கேட்பாய். உலகத்திலேயே பெரிய படிப்பாளிகள் இரண்டு பேரைச் சொல்கிறேன். 1921-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர், அதிக நுண்ணறிவு உள்ள சுமார் 1,500 பிள்ளைகளைச் சோதித்துத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வாழ்க்கையைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார். அந்தச் சோதனையில் மதிப்பெண் போதாமல் வெளியே போன ஒரு சிறுவன் வில்லியம் ஷாக்லி. 1956-ல் டிரான்சிஸ்டருக்காக ஜான் பார்டீன், வால்டர் பிராட்டேன் என்ற இருவரோடு சேர்ந்து அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரே ஆராய்ச்சிக்கூடம், ஒரே கண்டுபிடிப்பு, ஒரே மேடை. அதன்பின் ஷாக்லியும் பார்டீனும் எதைத் தேடிப் போனார்கள் என்று பார். ஷாக்லி கலிஃபோர்னியாவில் சொந்தக் கம்பெனி தொடங்கினார். தேடித் தேடி மிகச் சிறந்த இளைஞர்களைச் சேர்த்தார். அவர்களை நம்பவில்லை, சேர்ந்து வேலை செய்யவும் விடவில்லை. 1957-ல் எட்டுப் பேர் ஒன்றாக வெளியேறினார்கள். கம்பெனி எழுந்திருக்கவே இல்லை. பிறகு தனக்குப் பயிற்சியே இல்லாத துறையில் இறங்கி, இனத்துக்கு இனம் புத்தி வேறுபடும் என்றும், புத்தி குறைந்தவர்களுக்குப் பணம் கொடுத்துக் கருத்தடை செய்யலாம் என்றும் பேசிக்கொண்டே கடைசிக் காலத்தைக் கழித்தார். நோபல் வாங்கிய மூளை கடைசிவரை அதே மூளைதான், ஒன்றும் மழுங்கிவிடவில்லை.

பார்டீன், ஷாக்லியோடு ஒத்துப்போக முடியாது என்று தெரிந்ததும் 1951-லேயே இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். சில உலோகங்கள் கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் ஆவது ஏன் என்ற கேள்வி 1911-லிருந்து விடையில்லாமல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டார். தனியாக முடியாது என்று உணர்ந்து கூப்பர், ஷ்ரீஃபர் என்ற இரண்டு இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டார். 1957-ல் விடை வந்தது. 1972-ல் மூவருக்கும் நோபல். இயற்பியலில் இரண்டு முறை அந்தப் பரிசு வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். எதை விடுவது, எதைப் பிடிப்பது, யாரைக் கூட வைத்துக்கொள்வது என்ற மூன்றிலும் அவருக்கு வகதிரிவு இருந்தது.

டெர்மன் குழு பின்னாளில் தன் பிள்ளைகளில் நன்றாக வந்தவர்களையும் அவ்வளவாக வராதவர்களையும் இரு பக்கமாக நிறுத்திப் பார்த்தது. நுண்ணறிவு மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. எடுத்ததில் நிலைத்து நின்றது, ஒரு குறியை நோக்கித் தன்னைத் திரட்டிக்கொண்டது, இவற்றில்தான் வித்தியாசம். அந்தத் திரட்டல்தான் உனக்கு நடக்கவில்லை. நீ ஐந்து மரத்தில் ஒரே நாளில் கோடு போட்டு வைத்திருக்கிறாய், எந்த மரத்திலும் சிரட்டை மாட்டவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது கொஞ்சம் கசக்கும். புத்தி அதிகம் உள்ளவர்கள் தங்களை ஏமாற்றிக்கொள்வதிலும் கெட்டிக்காரர்கள். தான் ஏற்கெனவே எடுத்த பக்கத்துக்குச் சாதகமானதையே தேடும் பழக்கம், நுண்ணறிவு கூடக் கூடக் குறைவதில்லை என்று கனடாவில் கீத் ஸ்டானோவிச் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நீ வங்கி வேலையை விட்டதற்கு மூன்று காரணம் எழுதியிருக்கிறாய், மூன்றும் வழுவழுப்பாக இருக்கின்றன. ஒரு வக்கீல் எழுதிக்கொடுத்தது போல. எனக்கு அதில் ஒன்றுகூட உன் வயிற்றிலிருந்து வந்ததாகப் படவில்லை. எனக்கு இது தெரியும், ஏனென்றால் நானே 26 வயதில் சட்டம் படிக்கப் போனேன். இடம் கிடைத்தது என்பதைத் தவிர வேறு காரணமே இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அழகழகாகக் காரணம் சொன்னேன். இரண்டு வருடமும் என் அம்மையின் இரண்டு வளையலும் அதில் போயின. அந்த வளையல் இல்லாத கையை என் கல்யாணப் போட்டோவில் இன்றும் பார்க்கிறேன்.

சரி, செய்ய வேண்டியதற்கு வருகிறேன்.

இன்று ராத்திரி தூக்கம் வராதபோது ஒரு தாள் எடு. உன் கதையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கதையாக எழுது. 'நான்' என்ற சொல் வரக்கூடாது, 'அவள்' என்றே வரவேண்டும். 'அவளுக்கு 28 வயது. அவள் அப்பா பால்வெட்டுக்குப் போகிறார்' என்று தொடங்கு. எழுதி முடித்ததும் அவளுக்கு நீ என்ன சொல்வாய் என்று எழுது. விளையாட்டு இல்லை இது. 2014-ல் இகோர் கிராஸ்மன், ஈதன் கிராஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், மனிதர்கள் தங்கள் சிக்கலைவிட நண்பரின் சிக்கலைத்தான் நிதானமாக யோசிக்கிறார்கள் என்று தெரிந்தது. தன் சிக்கலையே வெளியாள் போலத் தள்ளி நின்று பார்க்கச் சொன்னபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. என் அறைக்கு வருகிறவர்களுக்கு இதைச் செய்யச் சொல்கிறேன். பாதிப் பேர் எழுதி முடிக்குமுன்பே அழுதுவிடுகிறார்கள். அழுகை வந்தால் வரட்டும், எழுதுவதை நிறுத்தாதே.

அடுத்தது, பதவியைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒரு செவ்வாய்க்கிழமையைப் பார். குரூப் 1 தேறினால் துணை ஆட்சியர் ஆகலாம், டிஎஸ்பி ஆகலாம், வணிகவரித் துறைக்குப் போகலாம். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி முதல் ராத்திரி வரை என்ன செய்கிறார்? நீ அரசு அலுவலகத்தில்தான் இருக்கிறாய். பத்மநாபபுரத்தில் கோட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது. பட்டா மேல்முறையீடு, சாலை மறியல், மழை வந்தால் முகாம், அமைச்சர் வருகை. அந்த நாளைக் கேட்டறிந்தபின் 'இது எனக்கு வேண்டும்' என்று தோன்றினால், மூன்று வருடமானாலும் படி, நான் கைதட்டுவேன். 'துணை ஆட்சியர்' என்று பெயர்ப் பலகை மட்டும் வேண்டும் என்று தோன்றினால் அதையும் நேர்மையாகத் தாளில் எழுது. பெங்களூர் வேலைக்கும் இதே சோதனைதான். அந்தக் கம்பெனியில் இரண்டு வருடம் இருந்த ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசு. வேலைக்கு ஆள் எடுப்பவரிடம் கேட்டுப் பயனில்லை.

குரூப் 1 எழுதுவதாக இருந்தால், எத்தனை தடவை என்று தொடங்குமுன்பே எழுதி அப்பாவிடம் கொடுத்துவிடு. நடுவில் முடிவு செய்யலாம் என்றால் செய்யமாட்டாய், 'இவ்வளவு படித்துவிட்டேனே' என்ற எண்ணம் விடாது. அரசுப் பணியிலிருந்து விலகல் கடிதம் கொடுப்பதை மட்டும் அவசரத்தில் செய்யாதே. ஜெர்மன் மொழியை வேண்டாம் என்று இன்று விட்டால் அடுத்த வருடம் தொடங்கலாம். அந்த நாற்காலியை விட்டால் மறுபடி 22 லட்சம் பேரோடு நிற்க வேண்டும்.

அந்த ஒன்பது பிள்ளைகள். அவர்களைப் பற்றி 'அது ஒரு பக்கம்' என்று தள்ளிவிட்டாய். ஆனால் முழுக் கடிதத்தில் அவர்களைப் பற்றி முக்கால் பக்கம் எழுதியிருக்கிறாய், அது உனக்கே தெரியுமோ என்னவோ. பின்னம் புரியாமல் அழுத ஏழாம் வகுப்புப் பையனுக்கு முற்றத்துத் துடைப்பத்திலிருந்து ஈர்க்கு உருவி, சமமாக ஒடித்து ஒடித்து அடுக்கிக் காட்டினாயே, அரையும் காலும் சேர்ந்தால் முக்கால் என்று அவன் தானே கத்தினானே, அந்த இடம். 14 'முடியும்'களில் ஒன்றுகூட அந்த முக்கால் பக்கத்தில் இல்லை.

அப்படியானால் ஆசிரியை ஆகிவிடு என்று சொல்வேன் என்று எதிர்பார்ப்பாய். சொல்லமாட்டேன். முற்றத்தில் ஒன்பது பேருக்குச் சொல்லிக்கொடுப்பது வேறு, வகுப்பில் 45 பேரும் பதிவேடும் தேர்ச்சி விகிதமும் வேறு. அதற்கு இரண்டு வருடம் பி.எட்., பிறகு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வு. அந்த இரண்டு வருடம் சம்பளம் இல்லாமல் வீடு தாங்குமா என்பது உன் அம்மாவின் கை வலியோடு சேர்த்து யோசிக்க வேண்டியது. வறுத்த அண்டி உடைத்து உடைத்து அவர் விரல் நுனி கறுத்திருப்பதை எழுதியிருந்தாய். மனசு சொல்வதையெல்லாம் வகதிரிவு என்று நினைக்காதே, மனசும் அவசரப்படும். அந்தப் பிள்ளைகளை உன் கணக்கில் ஒரு வரியாகவாவது சேர் என்றுதான் சொல்கிறேன். அரசு வேலையில் இருந்துகொண்டே மாலையில் அந்த ஒன்பது பேர் போதும் என்று உனக்குப் பட்டாலும் அது தோல்வி இல்லை. 'உனக்கிருக்கிற அறிவுக்கு இதுவா?' என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். அவர்கள் யாரும் உன் செவ்வாய்க்கிழமையை வாழப்போவதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அப்பா சொன்னதை முள்ளாக உள்ளேயே வைத்துக்கொண்டிருக்காதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் அவரோடு தோட்டத்துக்குப் போ. ஒட்டுப்பாலை நீ உரித்துப் போடு, அவர் வெட்டட்டும். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று எதிரே உட்காரவைத்துக் கேட்டால் அவரால் சொல்ல வராது. கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். எந்த மரத்துக்கு இன்று ஓய்வு, ஏன் என்று கேட்டுத் தொடங்கு. ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் வெட்டு நின்றுவிடும், அதற்கு முன்னால் போய்விட்டு வந்து எனக்கு எழுது, மக்களே.